பசு அடித்த மணி

மனுநீதிச் சோழனின் கதையைக் கேளாத தமிழ்க் குழந்தை இல்லை எனலாம். திருவாரூர் வீதியிலே இளவரசன் செலுத்திய தேரின் சக்கரத்தில் அகப்பட்டு ஓர் இளங்கன்று மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியைத் தன் கொம்பினால் அசைத்தது. ஒலி கேட்டு வெளிவந்த அரசன், ஒரே மைந்தன் என்றும் பாராது, அவனையும் தேர்க்காலுக்கு இரையாக்கத் துணிந்தான். பாட்டியின் மடியிலே கேட்டாலும் பள்ளி வாசக புத்தகத்திலே படித்தாலும் நம் மனத்தை உலுக்கும் கதை இது.

இக்கதைக்கு ஈழத்திலே ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சோழ நாட்டிலிருந்து வந்து அநுராதபுரத்திலே 44 ஆண்டுகள் ஆட்சி புரிந்த எல்லாளனைப் பற்றி, பௌத்த பிக்கு ஒருவர் பாளி மொழியிலே இயற்றிய மகாவம்சம் இதே செய்தியைக் கூறுகின்றது. அவனுடைய படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணி தொங்கியது. முறையிட வந்தவர் எவராயினும் இழுக்கத்தக்க நீண்ட கயிறு அதிற் பிணைக்கப்பட்டிருந்தது. அங்கும் ஒரு கன்று மாண்டது. அங்கும் ஒரு தாய்ப்பசு மணியை அடித்தது. தன் காவியத் தலைவனாகிய துட்டகைமுனுவின் பகைவனைக் கூட, நீதி தவறாதவன் என்று எழுதி வைத்த அந்தப் பிக்குவின் நேர்மையும் போற்றத்தக்கதன்றோ?

இக்கதையிலே அரசனின் கண்டிப்பைத்தான் யாவரும் வியப்பர். நான் வியப்பது வேறொன்றை. அந்தப் பசுவை எவரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. ‘நீ எந்த ஊர்ப் பசு? உன் தாய்ப்பசு எங்கே ஈன்றெடுக்கப்பட்டது? அதற்குச் சான்று உண்டா?’ என்று வாயிற்காவலன் வினவியதாகக் கதை சொல்லவில்லை. அது துன்புற்றது, மணியை அடித்தது, அரசன் வந்தான். நீதி என்னும் கட்டடத்தின் முதற்படி அந்தக் கயிறுதான். கயிறு எட்டாதவனுக்கு உள்ளே இருக்கும் நீதிபதி எத்துணை நல்லவராயினும் என்ன பயன்?

நான் வாழும் கண்டிப் பகுதியிலே இதை எண்ண வைக்கும் ஒரு மலை இருக்கின்றது. நகருக்குத் தென்மேற்கே மூடுபனியைப் போர்த்து நிற்கும் ஹந்தானை மலையே அது. அதன் அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் விரிந்து கிடக்கின்றது. கொழும்பிலே 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், 1952இல் இந்த எழில் நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அதே மலையின் மேற்சரிவுகளிலே தேயிலையும் லயன் காம்பராக்களும். கீழே சுதந்திரத்தைப் பற்றியும் சமத்துவத்தைப் பற்றியும் விரிவுரைகள் நிகழ்ந்த அதே பத்தாண்டுகளில், மேலே கொழுந்து பறித்தவர்களுட் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவராய் இருக்கவில்லை.

ஹந்தானையிலே 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று இப்போது தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. கொழுந்தை அரைத்த உருளைகளும், உலர்த்திய சூளைகளும், அவற்றை ஓட்டிய பழைய எந்திரங்களும் துடைத்துத் துலக்கி அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுட் பல கடல் கடந்து வந்தவை. தேயிலைச் செடியும் அவ்வாறு வந்ததே. சீனத்துச் செடி 1824இல் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867இல் லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். இன்று உலகெங்கும் அதற்கு ‘சிலோன் தேயிலை’ என்றே பெயர். வந்தேறிய செடிக்கு நாட்டின் பெயரே குலப்பெயர் ஆயிற்று! செடியிடம் எவரும் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. கேட்டது, அச்செடியைத் தொட்ட கைகளிடம்.

அக்கைகள் வந்த வரலாறு, தேயிலைக்கும் முந்தியது. கோப்பிப் பயிரின் காலமாகிய 1820களிலிருந்தே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஏழை மக்கள் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தனர். வழியிலே பசியாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில், 200 ஆண்டு நிறைவின் பொருட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவீர்கள்.

வந்து சேர்ந்தவர்களைப் பற்றிக் காகிதங்கள் இல்லாமல் இல்லை. ‘துண்டு’ என்றொரு சீட்டு இருந்தது. கங்காணியிடம் தொழிலாளி பட்ட கடன் எவ்வளவு என்பது அதிலே குறிக்கப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்காமல், அல்லது புதிய தோட்டம் அதனை ஏற்காமல், அவன் வேறிடம் செல்ல இயலாது. அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னும் தோட்டத்துச் செக்ரோலிலே அவன் பெயரும், அவன் மனைவி பெயரும், வேலைக்கு வந்த நாளும் வராத நாளும் பிழையின்றிப் பதியப்பட்டே வந்தன. அவர்களைக் கட்டிவைப்பதற்கு வேண்டிய காகிதமெல்லாம் இருந்தது. அவர்களை விடுவிப்பதற்கு வேண்டிய காகிதம்தான் இல்லை.

நாடு 1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் அடைந்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் இலங்கையிலே பிறந்திருத்தல் மட்டும் போதாது. அவருடைய தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருத்தல் வேண்டும் என்பது விதி. அச்சட்டத்திலே ‘தமிழன்’ என்றோ ‘தோட்டத் தொழிலாளி’ என்றோ ஒரு சொல்லும் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றே அது தோன்றும். ஆயின், தந்தை பிறந்த நாளைக் காட்டும் பத்திரத்தை லயத்து வாசலில் நின்று எவர் எடுத்துக் காட்ட முடியும்? 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் எனக் கணிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுட் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர்.

மறு ஆண்டிலே, விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறுவதற்கு வேறொரு சட்டம் வந்தது. தொடர்ந்து இத்தனை ஆண்டுகள் வதிந்தமைக்கும் போதிய வருமானத்துக்கும் சான்று காட்ட வேண்டும் என்றது அது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவிலே உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளுக்கே வாக்கு என்றாயிற்று. 1947இல் தலவாக்கலை மக்கள் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையையும் நுவரெலியா மக்கள் சௌமியமூர்த்தி தொண்டமானையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1952இல் அவ்வாறு அனுப்புவதற்கு அம்மக்களிடம் வாக்கு இல்லை.

கயிற்றை இழுத்துப் பார்த்தவர் இல்லையா என்று கேட்பீர்கள். இழுத்தார்கள். ருவான்வெல்லைத் தொகுதியிலே வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கொடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு வரலாற்றுப் புகழ் பெற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, மற்றைய சமூகத்தாருக்கு இல்லாத இடையூற்றை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் விதிக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்று தடுத்திருந்தது. இடாப்பைத் திருத்தும் அதிகாரி அதைக் காட்டி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதனை மாற்றியது. இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் 1953இல் அம்மாற்றத்தை உறுதி செய்தது. தன் பிரஜைகள் யாவர் என வகுப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான அதிகாரம் என்பது அதன் நியாயம். எழுத்தளவில் அதிலே குற்றம் காண்பது எளிதன்று. மணி ஒலித்தது, நீதிபதிகள் கேட்டார்கள், ஏட்டையும் பார்த்தார்கள். பசுவை மட்டும் பார்க்கவில்லை.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் கூறாவிடில் இக்கட்டுரை நடுநிலை தவறியதாகும். கண்டிச் சிங்கள விவசாயிக்கும் ஒரு காயம் இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால், உறுதி காட்ட இயலாத அவனுடைய காடும் சேனையும் அரசின் உடைமையாகிப் பின்னர் தோட்டங்களாயின. 1949இல் நியமிக்கப்பட்ட கண்டி விவசாயிகள் ஆணைக்குழு அவனுடைய வறுமையை ஆராய்ந்து 1951இல் அறிக்கை தந்தது. அவனிடமும் அன்று கேட்கப்பட்டது காகிதந்தான் என்பதைக் கவனியுங்கள். ஒரே அந்நிய ஆட்சி, ஒருவனிடம் காகிதம் இல்லை என்று நிலத்தை எடுத்தது. மற்றவனைக் காகிதத்தால் கட்டி அந்நிலத்திலே நட்டது. இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்துக் கொள்ள வேண்டியவர்கள். ஒருவன் இழந்ததற்கு மற்றவனிடம் ஈடு கேட்கப்பட்டதுதான் நம் சுதந்திரத்தின் முதற் சோகம்.

இன்னொரு பொருத்தத்தையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். நமது பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து 25 நாட்களின் பின், 1948 டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜையாய் இருக்கும் உரிமை உண்டு என்பது அதன் 15ஆம் உறுப்புரையின் கருத்து. ஹிட்லரின் ஆட்சியால் நாடற்றவராகி, 1951இல் அமெரிக்கப் பிரஜையான ஹன்னா அரெண்ட் என்னும் அறிஞர், அவ்வாண்டு வெளியிட்ட நூலிலே இதனை ஆழமாக விளக்கினார். மற்றெல்லா உரிமைகளும் ஒரு நாட்டின் வாயிலாகவே கிட்டுவன; ஆகவே நாட்டை இழந்தவன் ஓர் உரிமையை அன்று, உரிமை கேட்கும் இடத்தையே இழக்கிறான் என்பது அவர் கண்ட உண்மை. நம் கதையின் மொழியிலே சொன்னால், அவன் கையிலிருந்து கயிறு அறுக்கப்படுகின்றது.

இங்கே திருக்குறளின் அமைப்பு எனக்கு ஒரு வெளிச்சம் தருகின்றது. நீதியை அரசாங்கத்தின் கடமை என்றும் இரக்கத்தை வீட்டிலே காட்ட வேண்டிய குணம் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வள்ளுவரோ நேர்மாறாக வைத்தார். ‘நடுவுநிலைமை’ என்னும் 12ஆம் அதிகாரம் இல்லறவியலிலே இருக்கின்றது. ‘கண்ணோட்டம்’ என்னும் 58ஆம் அதிகாரம் அரசியலிலே இருக்கின்றது. நடுநிலையை வீட்டிலே பழகாதவன் நாட்டிலே காட்டமாட்டான். மனிதர்மேல் கண்ணை ஓடவிடாத அரசு, சட்டத்தை எத்துணைச் செம்மையாக எழுதினாலும் செங்கோல் செலுத்தியது ஆகாது. கண்ணோட்டம் என்பது சலுகையன்று. எதிரே நிற்பவன் யார், அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பார்த்துவிட்டு அளவுகோலை எடுப்பது அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாதது இதுவே.

கண்ணோட்டமின்றிக் கணக்கு மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமே சாட்சி. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணித்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். பாகம் பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலே கடவுச்சீட்டுக்காக மக்கள் காத்து நின்றனர். தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்திலே ஏறியவர்களும் மேடையிலே நின்றவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறிய காட்சியை முதியவர்கள் இன்றும் சொல்லுவர். தாய் இங்கே, மகள் அங்கே; அண்ணன் ஒரு நாட்டான், தம்பி வேறு நாட்டான். போனவர்களிற் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலையே பறித்தனர். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’!

முடிவு எவ்வாறு வந்தது? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒப்பந்த நாள் முதல் இங்கே வாழ்ந்துவந்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்க வழி செய்தது. தன் பெயரையும் வதிவிடத்தையும் கூறி ஒரு பிரகடனத்திலே கையொப்பமிட்டால் போதும் என்றாயிற்று. அதிகாரிகள் தோட்டங்களுக்கே சென்றனர். பத்து நாட்களிலே ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகள் ஆயினர். ஐம்பத்தைந்து ஆண்டுகளாகச் சிக்கலானது, கடினமானது, ஆராயவேண்டியது என்றெல்லாம் கூறப்பட்ட காரியம், பத்தே நாளில் முடிந்தது. ஆகவே தடையாய் இருந்தது காகிதம் அன்று, மனம்.

இவ்வளவோடு முடித்துக்கொண்டால், குற்றத்தையெல்லாம் அரசின் தலையிலே சுமத்திவிட்டு நாம் நிம்மதியாகக் காப்பி அருந்தலாம். வள்ளுவர் விடமாட்டார். நடுவுநிலைமையை இல்லறத்திலே வைத்தவர் அவர். அந்த நாளிலே நம் தமிழ்த் தலைவர்களுட் சிலர் அரசின் பக்கமே நின்றனர். செல்வநாயகம் அவர்கள் இக்கேள்வியின்மேல் தம் பழைய கட்சியைப் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்க நேர்ந்தது இதனாலன்றோ? தலைவர்களை விடுங்கள். ‘தோட்டக்காட்டான்’ என்னும் சொல் எந்த மொழிச் சொல்? அது சிங்களச் சொல்லும் அன்று, ஆங்கிலச் சொல்லும் அன்று. நம் வீட்டு முற்றத்திலே, நம் தாய்மொழியிலே, நம் பிள்ளைகள் காதுபட நாம் வழங்கிய சொல். லயத்திலிருந்து வந்து நம் வீட்டிலே வேலை செய்த சிறுமிக்குத் தனிக் குவளை வைத்தோமே, அதற்கு எந்தப் பாராளுமன்றத்தில் சட்டம் இயற்றினார்கள்?

நிலைமை இப்போது மாறிவிட்டது என்று சொல்வோர் உளர். மாறியிருக்கின்றது, ஆனால் முற்றாக அன்று. வாக்கு உண்டு, அடையாள அட்டை உண்டு. எனினும் தோட்டக் குடும்பங்களுட் பெரும்பாலானவற்றுக்குத் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை. பல இடங்களிலே வீட்டுக்கென்று தனி விலாசமும் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கே வரும். சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, நன்றாகச் சித்தியடைந்து ஒரு தொழிற் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் ஒரு தோட்டத்துக் காரியாலய மேசையிலே கிடந்து, குறித்த நாள் கழிந்து நான்காம் நாள் அவள் கைக்கு வந்தது. தீய எண்ணம் எவருக்கும் இருந்ததாக நான் எண்ணவில்லை. அவளுக்குக் கதவிலக்கம் இல்லை, அவ்வளவே. அவள் அழவில்லை. “எங்க வீட்டுக்கு நம்பர் இல்லையே, சேர்,” என்றாள். எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை நான் இத்தனை பந்திகளில் எழுதினேன். அவள் ஐந்து சொற்களில் சொல்லிவிட்டாள்.

நம் பாடசாலைகள் ஆண்டுதோறும் தோட்டங்களுக்குச் சென்று அப்பியாசக் கொப்பிகளும் பழைய உடைகளும் வழங்குகின்றன. நல்ல காரியமே, நிறுத்தவேண்டா. ஆயினும் கொடுப்பவர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். கடனாகத் திருப்பித் தரவேண்டியதைத் தருமமாகக் கொடுப்பது அறமாகாது. இரக்கம் உரிமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டால், பெற்றவன் என்றென்றும் குனிந்தே நிற்பான்; கொடுத்தவனும் தன்னை வள்ளல் என்று எண்ணி ஏமாறுவான். உரிமையைத் தேடிக் கொடுக்கும்படி நம்மை உந்துவதே உண்மையான இரக்கம்.

ஆகவே இவ்வாரம் மாணவ நேயர்களுக்கு ஒரு வேலை. உங்கள் வகுப்பிலே மலையிலிருந்து வரும் தோழன் அல்லது தோழி இருந்தால், அவர் வீட்டுக்குக் கடிதம் எந்த வழியாக வந்து சேர்கின்றது என்று விசாரியுங்கள். சரியாக வந்து சேர்வதில்லை என்றால், அவருடைய விண்ணப்பங்களுக்கு உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுக்கலாமா என்று பெற்றோரைக் கேளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அவ்வீட்டுக்கும் ஓர் இலக்கம் கிடைக்க வேண்டுமென்று பிரதேச சபைக்கும் தபால் அதிபருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் நாம்; நம் கைக்குக் கயிறு எட்டுகிறது. எட்டாதவருக்காக ஒரு முறை அதனை இழுத்துவிட்டால், மணி அதே ஒலியைத்தான் எழுப்பும்.